தொலையாத பென்டிரைவ்

டிசைனக்காவுக்கு வந்திருந்தது சாதாரணக் களைப்பு இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே இன்றைக்கு எப்போது படுக்கலாம் என்று உடம்பு கேட்கிற களைப்பு. கொட்டாவி விட்டால் தாடை வலிக்கும். நின்றுகொண்டே தூங்குவாள், தூங்கிக்கொண்டே பதில் சொல்வாள்.

அவள் கணவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தான். அவனைப் புரட்டிப் படுக்க வைக்க, துடைத்துவிட, மாத்திரை கொடுக்க எல்லாவற்றுக்கும் அவள்தான். ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை அந்த மனுஷனுக்கு.

"ஆபரேஷன் எனக்கா உனக்கான்னு டாக்டருக்கே சந்தேகம் வரப்போகுது. மூஞ்சியைக் கண்ணாடில பாத்தியா?" என்பான்.

"பாக்க நேரம் எங்க இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள்.

அவள் வேலை அதில்தான். துணியில் எம்பிராய்டரி மெஷின் போடுகிற பூ, கொடி, பள்ளிச் சின்னம், கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், முதலில் ஒருவர் உட்கார்ந்து அதைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். ஊசி எங்கே இறங்கணும், எந்த நிறம் முதலில் வரணும், நூலை எங்கே அறுக்கணும் என்று மெஷினுக்கு விலாவாரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதைப் பென்டிரைவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், மெஷினில் சொருகி, முதல் துணி தைத்து வரும்வரை பக்கத்தில் இருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வரவேண்டும். டிசைன் வரைவதால்தான் எல்லோருக்கும் அவள் டிசைனக்கா; இதில் நல்ல கைநேர்த்தி. அவள் வரைந்தால் துணி சுருங்காது, நூல் அறாது.

அவளுக்கு வேலை கொடுத்தவை இரண்டே பட்டறைகள். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. கூடப் பிறந்தவர்கள்தான். ஒன்றாகத் தொழில் செய்து, பிரிந்து, முகத்தில் முழிப்பதில்லை என்று ஆகிவிட்டவர்கள். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தம்பி அதற்காகவே தன் பட்டறைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருப்பார். இந்த இரண்டு பேரும் உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். டிசைனக்காவிடம் இருவரும் தனித்தனியாக, சொல்லி வைத்ததுபோல ஒரே வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள்.

"என் டிசைன்ல ஒண்ணு எதிர்ப்பக்கம் போச்சுன்னா, அன்னிக்கோட நமக்குள்ள முடிஞ்சுது."

அதனால் அவள் எப்போதும் இரண்டு பென்டிரைவ் வைத்திருந்தாள். சிவப்பு அண்ணனுக்கு, நீலம் தம்பிக்கு. இந்த இரண்டு பட்டறையும் இல்லை என்றால் வீட்டில் மாத்திரையும் இல்லை, அடுப்பும் இல்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சிவப்பு, நைட்டிப் பாக்கெட்டோடு வாஷிங் மெஷினுக்குள் போய்ச் செத்தது. நீலத்தை எம்பிராய்டரி மெஷினே கொன்றது. அந்தப் பழைய மெஷின்களில் பென்டிரைவ் சொருகும் இடம் பக்கவாட்டில் இருக்கும். துணி மாட்டிய ஃப்ரேம் முன்னும் பின்னும் ஓடும்போது, விரல் நீளத்துக்கு எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரே இடி. நீலம் இரண்டாக மடங்கிவிட்டது.

உடைந்ததை எடுத்துக்கொண்டு நாத்தனார் கடைக்குப் போனாள். கணவனின் தங்கை, மொபைல் உறை, சார்ஜர், பென்டிரைவ் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தாள்.

"என்ன அண்ணி, இதையும் முடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள் நாத்தனார்.

"ஏம்மா, உடையாததா, சின்னதா, தினமும் தூக்கிட்டு அலையறதுக்கு ஒண்ணு குடேன். எனக்கு நிக்கக்கூட முடியலை."

நாத்தனார் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இது மூடி போட்டது."

"மூடி முதல் நாளே காணாமப் போயிடும்."

"சரி, இது தள்ளினா வெளிய வரும், இழுத்தா உள்ள போயிடும்."

"பட்டறைல பறக்கிற நூல் தூசி பூரா அதுக்குள்ளதான் போய் உக்காரும். அப்புறம் வெளியவும் வராது, உள்ளயும் போகாது."

"இது சுத்தறது."

"கொஞ்ச நாள்ல தொளதொளன்னு ஆயிடும்மா."

"அப்ப இதைப் பாருங்க. ரப்பர் உறை போட்டது. மேல லாரி ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாது."

"கட்டை மாதிரி இருக்கே! ஃப்ரேம் இடிக்கும்."

"அண்ணி, எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட நீங்க இத்தனை குறை சொல்லலை!"

டிசைனக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கண்ணில் தண்ணீரும் வந்தது. களைப்பு முற்றினால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்போல.

கடைசியில் நாத்தனார் அடி டிராயரைத் துழாவி ஒன்றை எடுத்தாள். பூரா உலோகம், ஒரே வார்ப்பு. மூடி கிடையாது, அசைகிற பாகம் கிடையாது. சொருகினால் சுண்டுவிரல் நகம் அளவுதான் வெளியே தெரியும். ஓரத்தில் ஒரு சின்னத் துளை.

"தண்ணில விழுந்தா துடைச்சுக் காய வெச்சாப் போதும். இந்த ஓட்டைல சாவிக்கொத்தை மாட்டிக்கலாம்."

"சாவியோட சொருகினா ஃப்ரேம் சாவியை இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"அப்பச் சும்மாவே வெச்சுக்குங்க. ஆனா இத்துனூண்டு இருக்கு அண்ணி, எங்கயாவது சொருகினபடியே விட்டுட்டு வந்துடாதீங்க."

"நான் என்ன பச்சக் குழந்தையா?"

"ரெண்டா தரட்டுமா? எப்பவும் ரெண்டுதானே?"

டிசைனக்கா யோசித்தாள். யோசிப்பதற்கே அலுப்பாக இருந்தது. "ஒண்ணு போதும். ரெண்டை ஞாபகம் வெச்சுக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள். அத்தனை வருஷம் கட்டிக்காத்த வழக்கத்தை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஒரு கொட்டாவிக்கு நடுவில் கைவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அதற்குள் இரண்டு ஃபோல்டர் போட்டாள். ஒன்றுக்கு 'அண்ணன்', மற்றதற்குத் 'தம்பி'. எதிரெதிராக இருக்கிற இரண்டு பட்டறையும் நகம் அளவு இரும்புக்குள் ஒன்றாகக் குடியேறின.

சும்மா சொல்லக்கூடாது, சாமான் நல்ல சாமான். ஒருநாள் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. இன்னொரு நாள் கணவனின் முதுகுக்கு அடியில் கிடந்து குத்த, அவன் கத்தினான். "என்னை உடைச்சாலும் உடைப்பே, அதை உடைக்க மாட்டே" என்றான்.

ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. பென்டிரைவைப் பர்ஸுக்குள் ஜிப் போட்ட இடத்தில் வைப்பதுதான் அவள் வழக்கம். ஆனால் தம்பி பட்டறையிலிருந்து திரும்புகிற நாட்களில், அது தோள்பையின் வெளிப் பாக்கெட்டில், குடை வைக்கிற இடத்தில் கிடந்தது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை, திரும்பத் திரும்ப அப்படியே.

"நான் எங்க வெக்கறேன்னு எனக்கே தெரியலைங்க. புத்தி பேதலிச்சுப் போச்சு போல" என்றாள் கணவனிடம்.

"குடைக்குள்ளயாவது வெக்கறியே, சந்தோஷப்படு" என்றான் அவன்.

அன்றைக்கு மதியம் தம்பி பட்டறையில் தம்பியும் இல்லை, வழக்கமாக மெஷின் ஓட்டுகிற அம்மாவும் இல்லை. எடுபிடிப் பையனை வைத்து ஒரு பள்ளிச் சின்னத்தை ஏற்றிச் சாம்பிள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கணவனுக்கு ஊட்டிவிட்டு, அண்ணன் பட்டறைக்கு வந்தாள். அண்ணன் ஃப்ரேமில் துணியை மாட்டித் தயாராக வைத்திருந்தார். பர்ஸைத் திறந்தாள். இல்லை. குடைப் பாக்கெட்டைத் திறந்தாள். அங்கேயும் இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தன. அது விழவில்லை.

எங்கே என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தம்பியின் மெஷினில். 'அண்ணன்' என்று பெயர் போட்ட ஃபோல்டரோடு.

"என்னம்மா, முகத்துல ஈயாடலை?" என்றார் அண்ணன்.

"வீட்டுல வெச்சுட்டேன் போல அண்ணே. ஒரு ஓட்டம் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது, ரோட்டைத் தாண்டினால் போதும். ஆனால் இவர் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாரே! வீட்டுப்பக்கம் போகிற மாதிரி தெருக்கோடிவரை நடந்து, பின்சந்து வழியாகக் குப்பைத் தொட்டிகளையும் தேங்கிய தண்ணீரையும் தாண்டி, தம்பி பட்டறையின் பின்கதவுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. கடவுளே, இதற்குள் அவர் பார்த்திருக்கக் கூடாதே என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

உள்ளே தம்பியே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். நூல் அறுந்து அறுந்து போக, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பென்டிரைவ் சொருகியபடி இருந்தது, நகம் அளவுக்கு மின்னியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. டிசைனக்கா நூல் அறுந்து மெஷின் நின்ற நேரம் பார்த்து, நூலைக் கோத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்து, அதை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. இனிக் கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புகிறவள் பேச்சுக்குத்தான் கேட்டாள். "நீங்களா ஓட்டறீங்க? வாய்ப்பூட்டை மதியமும் காணோமே, எங்க தம்பி?"

வாய்ப்பூட்டு என்பது அங்கே மெஷின் ஓட்டுகிற நடுவயதுப் பெண்மணிக்கு எல்லோரும் வைத்த பெயர். வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்பதுபோல இருப்பாள். இத்தனை வருஷத்தில் டிசைனக்காவிடம் "பச்சை நூல் தீந்துடுச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவளை நேத்தே நிறுத்திட்டேன்" என்றார் தம்பி. "உங்ககிட்டயே கேக்கணும்னு இருந்தேன்க்கா. நேத்து நீங்க ஜன்னல்கிட்ட சாம்பிள் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. இவ மெஷின்லேர்ந்து எதையோ உருவி, அக்கம்பக்கம் பாத்துட்டு, உங்க பையோட வெளிப் பாக்கெட்ல போடறா. என் கண்ணால பாத்தேன். என் டிசைனையெல்லாம் எதுலயோ ஏத்தி, உங்களுக்கே தெரியாம உங்க பை வழியா எதிர்ப்பக்கம் அனுப்பறா. அங்க எவனோ எடுத்துக்கறான்."

டிசைனக்காவின் கைக்குள் இருந்த இரும்பு சுட்டது.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமலா? நீங்க கெளம்பினதும், என்ன போட்டே, எதுக்குப் போட்டேன்னு தொண்டை வறளக் கேட்டேன். குத்துக்கல்லு மாதிரி நின்னா. இனிமே வராதேன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டா. தப்பு இல்லன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நீங்க சொல்லுங்கக்கா, உங்க பைல புதுசா ஏதாவது கெடந்துச்சா?"

குடைப் பாக்கெட். தினமும் மறந்திருக்கிறாள். தினமும் அந்தப் பெண்மணி எடுத்துப் போட்டிருக்கிறாள். பென்டிரைவைச் சொருகி டிசைன் தேடும்போது மெஷின் திரையில் இரண்டு ஃபோல்டரும் பளிச்சென்று தெரியும். 'அண்ணன்', 'தம்பி' என்று அவளும் படித்திருப்பாள். 'இது டிசைனக்காவோடது, மறந்துட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் தம்பி அடுத்த வார்த்தையே 'எங்க, அதுல என்ன இருக்கு பாக்கலாம்' என்றிருப்பார். அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை.

'ஒண்ணும் இல்லையே தம்பி' என்று சொல்லலாம். சொல்வதற்கு ஒரு சிரமமும் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் தெம்பு வேண்டியிருந்தது, அது அவளிடம் எங்கே இருக்கிறது? வீட்டில் படுத்திருக்கிறவன் நினைவுக்கு வந்தான். மாத்திரை அட்டை நினைவுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் ஒருவர் நாற்காலியில் காத்திருப்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் கால்கள் கிளம்ப மறுத்தன.

கையை விரித்துக் காட்டினாள்.

"அவங்க போட்டது இதைத்தான். இது என்னோடது. நான்தான் தினமும் உங்க மெஷின்ல மறந்துட்டுப் போறேன். அவங்க எடுத்துக் குடுத்திருக்காங்க."

"இதை எதுக்கு ஒளிச்சு ஒளிச்சுக் குடுக்கணும்?"

அவள் அதைத் திரும்ப மெஷினில் சொருகினாள். திரையில் இரண்டு பெயர்களும் வந்தன. தம்பி குனிந்து படித்தார்.

"அண்ணன்னா..."

"உங்க அண்ணன்தான்."

அவர் விரல் திரைப்பக்கம் போனது. ஒரு தொடுதல் போதும், எதிர்ப்பக்கம் என்னென்ன தைக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். விரல் நின்று, திரும்பி வந்தது.

"எடுத்துடுங்க அதை" என்றார். "என் டிசைனும் அங்க இப்படித்தான் கெடந்துச்சா?"

"எனக்குத் தெரிஞ்சு அங்க மறக்கலை தம்பி. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு இப்ப எதுவுமே ஞாபகம் நிக்கறதில்லை."

"உங்களை எவ்வளவு நம்பினேன்க்கா."

அவளுக்கு, அவர் திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

"நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

"சரி தம்பி. அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?"

"நான் போய்ச் சொல்றேன். வீடு எங்க?"

அவர் அறுந்த நூலைப் பார்த்தபடியே வழி சொன்னார். அதன்பிறகு "வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணனுக்கு போன் போட்டு, துணி தைக்க இன்று முடியாது என்று சொல்லி, நாலு வசவு வாங்கிக்கொண்டாள். தம்பி இதை அவரிடம் சொல்ல மாட்டார். பேசிக்கொண்டால்தானே சொல்வதற்கு! அந்த மட்டுக்கும் பாதி வேலையாவது மிஞ்சியது. பாதி வேலையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதை நாளைக்கு யோசிக்கலாம். இன்றைக்கு யோசிக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். வாய்ப்பூட்டு வாசற்படியில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டிசைனக்காவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உங்களை வரச் சொன்னாரும்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"உங்களுக்கு?"

"எனக்கு இனிமே அங்க வேலை இல்ல."

வாய்ப்பூட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எதுக்குங்க சொன்னீங்க? எனக்கு அந்த மெஷின் இல்லன்னா இன்னொரு மெஷின். உங்க வீட்டுல ஆளு படுத்துக் கெடக்காருல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாம்பிள் பாத்துக்கிட்டே போன்ல மாத்திரை பேர் சொல்லுவீங்களே. காது கேக்கும்ல?"

இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இவள் இன்றைக்குத்தான் பேசுகிறாள் என்று டிசைனக்காவுக்குத் தோன்றியது. படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்து வாய்ப்பூட்டு நீட்டினாள்.

"நான் மறந்துட்டுப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"தினமும் சொல்லணும்னுதான் நெனப்பேன். உங்க முகத்தைப் பாப்பேன். இன்னும் ஒரு குறையையும் இவங்க தலையில தூக்கி வெக்கணுமான்னு இருக்கும். பைல போட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

டிசைனக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்தவன்கூட அவள் முகத்தைக் கிண்டல்தான் செய்தான். இவள் அதைப் பார்த்து ஒரு வேலையைக் குறைத்திருக்கிறாள். அதுவும் தினமும்.

"குடுங்க அதை" என்றாள் வாய்ப்பூட்டு.

டிசைனக்கா பென்டிரைவைக் கொடுத்தாள். வாய்ப்பூட்டு உள்ளே போய்ச் சிவப்பு எம்பிராய்டரி நூலை நாலு புரியாக முறுக்கிக்கொண்டு வந்து, அந்தச் சின்னத் துளையில் கோத்து முடிச்சுப் போட்டாள்.

"நூலுதானே, ஃப்ரேம் இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. கண்ணுல படும். உங்களுக்குப் படலைன்னாலும் மெஷின் ஓட்டறவங்களுக்குப் படும், எடுத்துக் குடுப்பாங்க." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அங்க அண்ணன் பட்டறைல மெஷின் யாரு ஓட்டறாங்க?"

"ஒருத்தர். எப்பப் பாத்தாலும் காதுல பாட்டை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

வாய்ப்பூட்டு தொங்கிய நூலை விரலால் அளந்து பார்த்தாள்.

"அப்ப இன்னும் நீளமா விடணும்" என்று முடிச்சை அவிழ்த்துவிட்டு, புதிதாக நூல் எடுத்துவர எழுந்து உள்ளே போனாள்.